கல்லூரி ஆண்டு விழாவுக்கு வினாடி வினாவும் நினைவுப் பொருட்களும்: முதல் கூட்டத்திலிருந்து கடைசிப் பிரதி வரை

கல்லூரிக்கு 50 வயது, 75 வயது, 100 வயது என்று வரும்போது விழாக் குழு கூடும். முதல் கூட்டத்திலேயே வேலையைப் பிரித்துவிடுவார்கள். வினாடி வினாவுக்கு ஒரு குழு, விழா மலருக்கு ஒரு குழு, டி-ஷர்ட், பேட்ஜ், கோப்பைக்கு இன்னொரு குழு. அதன்பிறகு மூன்றும் தனித்தனியாக ஓடும். கடைசியில் வினாடி வினாவில் எங்கும் கிடைக்கிற பொது அறிவுக் கேள்விகள் வரும், நினைவுப் பரிசில் முத்திரை மட்டும் இருக்கும், மலரில் பாதி வாழ்த்துரையாகப் போய்விடும். பெயரை மாற்றினால் எந்தக் கல்லூரிக்கும் அந்த விழா பொருந்திவிடும்.

இங்கே நான் சொல்வது வேறு முறை. முதலில் கல்லூரியைப் பற்றிய உறுதியான தகவல்களை ஒரே தொகுப்பாகச் சேருங்கள். கேள்விகளும் நினைவுப் பொருட்களும் மலரும் அந்த ஒரே தொகுப்பிலிருந்து வரட்டும். வேலை குறையும், தவறு குறையும், வீட்டுக்குக் கொண்டுபோகிற பொருளிலும் கல்லூரி இருக்கும்.

1. எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?

இது எளிய கேள்வி மாதிரித் தெரியும். கோப்புகளைப் புரட்ட ஆரம்பித்தால்தான் சிக்கல் புரியும். அடிக்கல் நாட்டியது ஒரு வருடம், அனுமதிக் கடிதம் வந்தது இன்னொரு வருடம், முதல் வகுப்பு நடந்தது மற்றொரு வருடம் என்று பல தேதிகள் கிடைக்கும்.

உலகப் புகழ்பெற்ற இடங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்துக்கு 1861இல் சாசனம், அதாவது தொடங்குவதற்கான சட்ட அனுமதி, கிடைத்தது, வகுப்புகள் தொடங்கியது 1865இல். அவர்கள் சாசனத்தை வைத்து எண்ணி 2011இல் 150ஆம் ஆண்டைக் கொண்டாடினார்கள். ஸ்டான்ஃபோர்டு 1885இல் நிறுவப்பட்டு 1891இல்தான் மாணவர்களுக்குக் கதவைத் திறந்தது. இத்தாலியின் போலோனியா பல்கலைக்கழகம் தன் தொடக்கமாகச் சொல்லும் 1088 இன்னும் சுவாரசியமானது. கவிஞர் ஜியோசுவே கார்டூச்சி தலைமையில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு குழு உட்கார்ந்து முடிவுசெய்த ஆண்டு அது. அதை வைத்துத்தான் 1888இல் எண்ணூறாவது ஆண்டு விழா நடந்தது. ஆக, தொடக்க ஆண்டு என்பது ஆதாரத்தைப் பார்த்துக் கூடி எடுக்கிற முடிவு. உங்கள் குழுவும் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தது என்று நான்கு வரி எழுதித் தீர்மானமாக நிறைவேற்றிவிடட்டும். பின்னால் பேட்ஜிலும் மலர் அட்டையிலும் அச்சாகப்போவது அந்தத் தேதிதான்.

அடுத்து, 50ஆவது ஆண்டு வேறு, 50 ஆண்டு நிறைவு வேறு. 1976 ஜூனில் வகுப்பு தொடங்கிய கல்லூரிக்கு 2025-26தான் 50ஆவது கல்வியாண்டு, 2026 ஜூனில்தான் 50 ஆண்டு நிறைகிறது. இரண்டையும் கலந்து அச்சடித்தால் யாராவது ஒரு முன்னாள் கணக்குப் பேராசிரியர் கட்டாயம் கேட்பார். பொன் விழா ஆண்டின் தொடக்கம் ஒரு விழா, நிறைவு ஒரு விழா என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு வருடத்தை விழா ஆண்டாக வைத்துக்கொள்வது வசதி.

பெயரிலும் ஒரு கவனம் வேண்டும். 25 வெள்ளி, 50 பொன், 100 நூற்றாண்டு என்பதில் குழப்பமில்லை. வைர விழாவுக்கு 60, 75 என்று இரண்டு வழக்கு உண்டு. விக்டோரியா மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்ததை 1897இல் வைர விழாவாகக் கொண்டாடினார்கள். 75ஐ வைர விழா என்று சொல்லும் நிறுவனங்களும் இருக்கின்றன. தமிழில் 75க்கு பவள விழா என்ற நல்ல பெயர் இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் சந்தேகமே வராது. எதை எழுதினாலும் பக்கத்தில் எண்ணையும் போட்டுவிடுங்கள்.

2. நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

விழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒரு வருடம் முன்பு தொடக்கத் தேதி முடிவாகித் தகவல் சேகரிப்பு தொடங்க வேண்டும். எட்டு மாதம் இருக்கும்போது வாரம் ஒரு கேள்வி வெளியே போக ஆரம்பிக்கலாம். ஐந்து மாதம் இருக்கும்போது நினைவுப் பொருட்களின் மாதிரி கையில் இருக்க வேண்டும். மூன்று மாதம் இருக்கும்போது மலருக்கான கட்டுரைகளை வாங்குவதை முடித்துவிட வேண்டும். கடைசி மாதத்தை ஒத்திகைக்கும் எதிர்பாராத வேலைகளுக்கும் காலியாக விடுங்கள். ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் பொருட்களின் வகையைக் குறையுங்கள், தகவல் சேகரிப்பைக் குறைக்காதீர்கள்.

3. தகவல் கோப்பு

முழு வேலையின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. நேரத்தை இதற்குத் தாராளமாகக் கொடுங்கள்.

எங்கே தேடுவது? ஆண்டு மலர்கள், ஆட்சிக்குழுக் கூட்டக் குறிப்புகள், பழைய தேர்வு அட்டவணைகள், விளையாட்டு விழா அழைப்பிதழ்கள், கட்டடங்களில் பதித்த கல்வெட்டுகள், விடுதிக் கணக்குப் புத்தகங்கள், நூலகத்தின் முதல் பதிவேடு. நூலகப் பதிவேட்டைப் பலர் நினைப்பதே இல்லை. கல்லூரி வாங்கிய முதல் புத்தகம் எது, எந்த வருடம் கணிப்பொறிப் புத்தகங்கள் வர ஆரம்பித்தன, எந்தத் துறை எப்போது முளைத்தது என்று எல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.

அடுத்து மனிதர்கள். முன்னாள் முதல்வர்களைப் பேட்டி எடுக்க எல்லாக் குழுவும் ஓடும். ஆய்வக உதவியாளர், அலுவலக எழுத்தர், காவலாளி, தோட்டக்காரர், விடுதிச் சமையல்காரர் ஆகியோரிடம் யாரும் போவதில்லை. ஒரு முதல்வர் சில ஆண்டுகள் பதவியில் இருப்பார். ஓர் ஆய்வக உதவியாளர் பணி வாழ்க்கை முழுவதும் அதே அறையில் இருந்திருப்பார். எந்த மரம் எப்போது விழுந்தது, மணி எங்கே தொங்கியது, பழைய கேன்டீன் எந்த மூலையில் இருந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அவர்களிடம் "கல்லூரி அனுபவம் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு பழைய படத்தைக் கையில் கொடுத்து, "இது எந்த வாசல்? இப்போது அங்கே என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பழைய குழுப் படம் ஒன்று கிடைத்தால் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் பென்சிலில் வருடமும் ஸ்டூடியோ முத்திரையும் இருக்கலாம். அட்டையில் ஒட்டிய படமென்றால் அடியில் "நிற்பவர்கள், இடமிருந்து வலம்" என்று தொடங்கும் பெயர் வரிசை இருக்கும். அந்த வரிசையையும் தலைகளையும் எண்ணுங்கள். பெயர் பதினெட்டு, தலை பத்தொன்பது என்றால் விடுபட்டவர் யார் என்பது உங்கள் முதல் கேள்வியாகிவிட்டது. அப்படி விடுபட்டவர் அந்தத் துறையின் கடைநிலை ஊழியராக இருப்பது உண்டு. அவர் பெயரைக் கண்டுபிடித்துப் படத்தின் கீழே சேர்ப்பதைவிட நல்ல நினைவுப் பரிசு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அஞ்சலட்டை அளவுப் படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் அப்போது 2400க்கு 3600 பிக்சல் கிடைக்கும், இரண்டு மடங்கு பெரிதாக்கி அச்சடிக்கலாம். ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் படங்களைப் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். எழுத்து மங்கிய கல்வெட்டை, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படமெடுத்தால் படிக்க முடியும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்களிடம் "டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்" என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சுருங்கித்தான் வரும்.

சேர்ந்த ஒவ்வொரு தகவலையும் ஒரு விரிதாளில் ஒரு வரியாகப் போடுங்கள். தகவல், ஆதாரம், பக்கம் அல்லது படத்தின் எண், யார் சரிபார்த்தார், உறுதியா இல்லையா என்று ஐந்து கட்டங்கள் போதும். எழுத்தில் ஓர் ஆதாரமோ, ஒருவரையொருவர் கலந்து பேசாத இரண்டு பேரின் வாய்மொழியோ இல்லாமல் "உறுதி" என்று போடாதீர்கள். "முதன்முதலில்", "ஒரே", "மிகப் பெரிய" என்று வரும் தகவல்களில் இரண்டு மடங்கு எச்சரிக்கை வேண்டும். "மாநிலத்திலேயே முதல் கல்லூரி" என்பதைவிட "1982இல் இந்தப் பாடப்பிரிவு தொடங்கியது" என்பது எளிதில் நிரூபிக்கக் கூடியது, அதுவே போதும்.

இன்னொன்று. சேர்க்கைப் பதிவேட்டில் ஒருவரின் பிறந்த தேதி, குடும்ப விவரம், மதிப்பெண் எல்லாம் இருக்கும். அவை கேள்விக்கோ மலருக்கோ உரியவை அல்ல. அந்தப் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்துக் குழுவில் சுற்றவிடக் கூடாது. முதல் வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பெண்கள் என்பது போன்ற மொத்தக் கணக்கை மட்டும் அலுவலகத்திலேயே உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.

4. வாரம் ஒரு கேள்வி

விழாவுக்கு எட்டு மாதம் இருக்கும்போது முன்னாள் மாணவர் குழுக்களில் வாரம் ஒரு படமோ ஒரு கேள்வியோ போடுங்கள். பரிசு சிறியதாக இருந்தால் போதும், அல்லது வேண்டவே வேண்டாம். இதில் உங்களுக்குத்தான் லாபம். "இந்தப் படிக்கட்டு எங்கே இருந்தது?" என்று ஒரு படம் போட்டால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள், மூன்று பேர் தங்கள் வீட்டில் இருக்கும் வேறு படத்தை அனுப்புவார்கள், ஒருவர் நீங்கள் போட்ட வருடமே தவறு என்பார். மூன்றுமே கோப்புக்கு வேண்டியவை. பதில்களை ஒருவர் உட்கார்ந்து விரிதாளில் ஏற்ற வேண்டும். அந்த வேலையை யாருக்கும் கொடுக்கவில்லையென்றால் எல்லாம் அரட்டைக்குள் புதைந்துவிடும்.

5. நல்ல கேள்வி எப்படி உருவாகிறது

"நம் கல்லூரியின் மூன்றாவது முதல்வர் யார்?" என்ற கேள்வியில் தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் சும்மா உட்கார்ந்திருப்பார். யோசிக்க அதில் எதுவும் இல்லை. ஒரு நல்ல கேள்வியில் பதிலுக்குப் போக ஒரு பாதை இருக்கும்.

ஓர் உதாரணம். நூலகத்தின் தெற்குச் சுவரில் மட்டும் ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கோப்பைப் பார்த்தால், கட்டடம் எழும்பியபோது அந்தப் பக்கம் கிரிக்கெட் மைதானம் இருந்தது என்று தெரிகிறது. கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "நூலகத்தின் மூன்று சுவர்களில் ஜன்னல்கள் தாழ்வாக இருக்கின்றன. தெற்குச் சுவரில் மட்டும் உயரத்தில் இருக்கின்றன. இப்போது அங்கே வாகன நிறுத்தம். கட்டியபோது அங்கே என்ன இருந்திருக்கும்?" பழைய மாணவருக்கு நினைவு வரும். புதிய மாணவர் யோசித்தே பிடிப்பார். பதிலைச் சொன்னதும் அரங்கமே "ஆமாம்ல!" என்று சொன்னால் கேள்வி ஜெயித்துவிட்டது.

உலகத்தோடு கல்லூரியைச் சேர்க்கும் கேள்விகளும் சிலவற்றை வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி பிறந்த ஆண்டில் உலகில் என்ன நடந்தது என்பது வற்றாத கிணறு. 1976இல் தொடங்கிய கல்லூரி என்றால், அந்த வருடம் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் 14 வயது நாடியா கொமனேச்சிக்கு ஜிம்னாஸ்டிக்ஸில் முழு 10 மதிப்பெண் கிடைத்தபோது, பலகை 1.00 என்று ஏன் காட்டியது என்று கேட்கலாம். 10.00 காட்டும் வசதியே அந்தப் பலகையில் இல்லை. 2001 என்றால் விக்கிப்பீடியா தொடங்கிய ஆண்டு. 1951 என்றால் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. 1926 என்றால் ஜான் லோகி பெயர்டு தொலைக்காட்சியைச் செய்து காட்டிய ஆண்டு, ராபர்ட் காடர்டு திரவ எரிபொருள் ராக்கெட்டை முதன்முதலில் பறக்கவிட்டதும் அப்போதுதான். ஆனால் இவை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மற்றவை கல்லூரியைப் பற்றியதாகவே இருக்கட்டும்.

கேள்விகள் எல்லாக் காலத்துக்கும் பரவியிருக்கின்றனவா என்று ஒரு தாளில் பத்தாண்டு வாரியாக எண்ணிப் பாருங்கள். குழுவில் இருப்பவர்கள் படித்த காலமே எப்போதும் அதிகமாக வந்து நிற்கும். துறைகளையும் அதேபோல எண்ணுங்கள்.

யாரையும் புண்படுத்தும் கேள்வி வேண்டாம். ஓர் ஆசிரியரின் பட்டப்பெயர், பழைய தேர்தல் சண்டை, காதல் கதை இவை அரட்டைக்குச் சரி, மேடைக்கு வேண்டாம். அவர்கள் குடும்பத்தோடு முன்வரிசையில் இருப்பார்கள்.

6. போட்டியின் அமைப்பு

என் உறுதியான பரிந்துரை: அணியில் தலைமுறைகளைக் கலந்துவிடுங்கள். நான்கு பேர் அணி என்றால் இப்போது படிக்கும் மாணவர் ஒருவர், கடந்த பதினைந்து ஆண்டுக்குள் முடித்தவர் ஒருவர், அதற்கு முன்பு முடித்தவர் ஒருவர், ஆசிரியர் அல்லது அலுவலக ஊழியர் ஒருவர். ஒரே வகுப்புத் தோழர்கள் ஒரே அணியாக வந்தால் தங்கள் காலத்துக் கேள்விக்கு மட்டும் விழித்திருப்பார்கள். கலந்த அணியில் இருபது வயதுப் பெண் அறுபது வயதுக்காரரிடம் "சார், அப்போ ஹாஸ்டல் எந்தப் பக்கம் இருந்தது?" என்று காதில் கேட்பதைப் பார்க்கலாம். ஆண்டு விழாவில் நடக்க வேண்டியது அதுதான்.

முதல் சுற்று எழுத்தில் இருக்கட்டும். இருபதிலிருந்து இருபத்தைந்து கேள்விகள், அரை மணி நேரம், வருகிற எல்லோரும் எழுதலாம். முதல் ஆறு அணிகள் மேடைக்கு. மேடையில் படச் சுற்று, ஒலிச் சுற்று, வரைபடச் சுற்று என்று மூன்று நான்கு போதும். ஒலிச் சுற்றுக்குக் கல்லூரி மணி, ஒரு பழைய கதவின் சத்தம், பழைய ஒலிநாடாவில் கிடைத்த ஆண்டு விழா உரை எல்லாம் நன்றாக எடுபடும்.

மதிப்பெண் முறைக்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவில் 1953இல் வானொலியில் தொடங்கிய காலேஜ் பௌல், அதைப் பின்பற்றி 1962இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த யுனிவர்சிட்டி சேலஞ்ச் இரண்டும் கல்லூரி அணிகளுக்கான போட்டிகள். பின்னதில், முந்திப் பதில் சொல்லும் தொடக்கக் கேள்விக்கு 10 மதிப்பெண், சரியாகச் சொன்ன அணிக்கு மட்டும் தலா 5 மதிப்பெண்ணில் மூன்று துணைக் கேள்விகள். துணைக் கேள்விகளை அணி கூடிப் பேசிச் சொல்லலாம் என்பதால் கலந்த அணிக்கு இது நன்றாகப் பொருந்தும். அங்கே கேள்வி முடியுமுன் குறுக்கிட்டுத் தவறாகச் சொன்னால் 5 மதிப்பெண் கழியும். அதை மட்டும் விட்டுவிடுங்கள். மதிப்பெண் போய்விடுமோ என்ற பயத்தில் பெரியவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

சமன் ஆனால் ஓர் எண்ணைக் கேளுங்கள்: "முதல் ஆண்டு சேர்ந்த மாணவர்கள் எத்தனை பேர்?" இரண்டு அணியும் தாளில் எழுதட்டும், நெருங்கியவர் வெற்றி.

கேள்வி தயாரித்த யாரும் போட்டியிடக் கூடாது. ஒவ்வொரு கேள்விக்கும் ஆதாரத்தின் நகலை வரிசை எண்ணோடு ஒரு கோப்பில் போட்டு நடுவர் மேசையில் வையுங்கள். எதிர்ப்பு கண்டிப்பாக வரும். அப்போது பக்கத்தைத் திறந்து காட்டினால் அதுவே இன்னொரு நல்ல நிமிடமாகிவிடும். எதிர்த்தவர் கையில் வலுவான ஆதாரம் இருந்தால் இரண்டு அணிக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டு, அவர் பெயரோடு கோப்பில் திருத்தி எழுதுங்கள்.

தொலைவில் இருக்கும் முன்னாள் மாணவர்களுக்கு இணைய வழியில் ஒரு சுற்று வையுங்கள். ஒரு கேள்விக்கு 20 நொடி, எழுத்தைவிடப் படங்கள் அதிகம், தேடிப் பார்க்க நேரமே இருக்காது. வினாடி வினா செயலிகளின் இலவசப் பதிப்பில் எத்தனை பேர் சேரலாம் என்பதற்கு வரம்பு இருக்கும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நேர மண்டலம் வேறுபடும் என்பதால் ஒரே சுற்றை இரண்டு வேளை நடத்தினால் எல்லோருக்கும் கிடைக்கும், இரண்டுக்கும் கேள்விகள் வேறாக இருக்க வேண்டும்.

7. நினைவுப் பொருட்கள்

பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், யாருக்கு என்று தீர்மானியுங்கள். வருகிற எல்லோருக்கும் ஒன்று, விரும்பி வாங்குபவர்களுக்குச் சில, கௌரவிக்கப்படுகிறவர்களுக்கு ஒன்று. முதல் வகை எடை குறைந்து, பையில் வைக்கக்கூடியதாக இருக்கட்டும். மூன்றாம் வகைக்குக் கண்ணாடிப் பெட்டியில் பெரிய கேடயம் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்பேன். அவர் பணியாற்றிய காலத்துப் படம் ஒன்றைச் சட்டமிட்டு, படத்தில் இருக்கும் எல்லோர் பெயரையும் அடியில் எழுதிக் கொடுங்கள். அது வரவேற்பறைச் சுவருக்குப் போகும்.

தகவல் கோப்பு இங்கே கைகொடுக்கும். புத்தக அடையாள அட்டையில் முன்பக்கம் ஒரு கேள்வி, பின்பக்கம் பதில், இருபது வகை அச்சடித்தால் ஆளுக்கு ஒன்று வரும், மாற்றிக்கொள்வார்கள். பழைய படங்களில் பன்னிரண்டை அஞ்சலட்டைத் தொகுப்பாக்கலாம். வளாகத்தின் முதல் வரைபடமும் இன்றைய வரைபடமும் ஒரே தாளின் இரு பக்கமாக வரலாம். எனக்கு மிகவும் பிடித்தது கேள்விச் சீட்டுப் பெட்டி: நூறு சீட்டு, நூறு கேள்வி, பதிலோடு ஆதாரமும் சிறிய எழுத்தில். வினாடி வினா முடிந்த பிறகும் அது பத்து வீடுகளில் நடந்துகொண்டிருக்கும்.

தபால் துறையையும் யோசியுங்கள். கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களின் நூற்றாண்டுக்கு 1957இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலைகள் வெளியிட்டது. எல்லாக் கல்லூரிக்கும் தபால்தலை கிடைக்காது, ஆனால் பல நாடுகளின் அஞ்சல் துறைகள் விழா நாளுக்குச் சிறப்பு உறையும் சிறப்பு முத்திரையும் தருகின்றன. விண்ணப்பத்தைப் பல மாதம் முன்பே கொடுக்க வேண்டும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில. கல்லூரி முத்திரை, எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் சிதையாத வெக்டர் கோப்பாக இருக்க வேண்டும். லெட்டர்பேடிலிருந்து படமெடுத்துக் கொடுத்தால் டி-ஷர்ட்டில் ஓரங்கள் பல்லிளிக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்திரை, நிறம் கூடக்கூடச் செலவும் கூடும், அதனால் ஒன்று அல்லது இரண்டு நிறத்தில் வடிவமையுங்கள். சூட்டில் மையை ஏற்றும் சப்ளிமேஷன் முறை பாலியெஸ்டர் துணியிலும் பூச்சுள்ள கோப்பையிலும்தான் பிடிக்கும். பருத்தி டி-ஷர்ட்டில் அதைச் செய்தால் துவைக்கத் துவைக்க வெளிறிவிடும். தையல் எம்பிராய்டரியில் முத்திரைக்குள் இருக்கும் சின்னக் குறிக்கோள் வாக்கியம் வராது, நூல் முடிச்சாகத்தான் தெரியும். அதற்கு வாக்கியத்தை விட்டுச் சின்னத்தை மட்டும் கொடுங்கள். எதுவாக இருந்தாலும் ஒரு மாதிரியை வாங்கி, மூன்று முறை துவைத்துப் பார்த்துவிட்டு மொத்த ஆர்டர் கொடுங்கள்.

டி-ஷர்ட்டுக்கு முன்பதிவு மட்டும்தான். அளவைக் கேட்கும்போது நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் போட்டுக் கேளுங்கள், எக்ஸ்எல் என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் ஒவ்வொரு அளவு. பொருள் விற்ற பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, கடைசியில் ஒரு பக்க வரவு செலவைக் குழுவில் போட்டுவிடுங்கள்.

8. விழா மலர்

வாழ்த்துரைக்கு நான்கு பக்கம் என்று முதலிலேயே எல்லை போட்டுவிடுங்கள். ஒருவருக்கு ஐந்து வரி. மீதி இடமெல்லாம் கோப்புக்கு: ஆண்டு வாரியான வரலாறு, பேட்டிகள், பெயரோடு படங்கள், மறைந்த ஆசிரியர்கள், ஊழியர்களின் பட்டியல், கடைசியில் வாரக் கேள்விகளும் பதில்களும்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். ஆஃப்செட்டில் பதினாறு பக்கப் படிவங்களாக ஓடும்போது 96, 112 என்று வருமாறு திட்டமிட்டால் தாள் வீணாகாது. முதுகில் பசை போட்டு ஒட்டும் தடிமனான மலரில் குழுப் படத்தை இரண்டு பக்கத்துக்கு விரிக்காதீர்கள், நடுவில் நிற்பவர்கள் மடிப்புக்குள் போய்விடுவார்கள். ஓரம் வரை போகும் படத்துக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். அச்சளவில் 300 டிபிஐ இருக்கிறதா என்று ஒவ்வொரு படத்தையும் பாருங்கள். ஆறு அங்குல அகலப் படத்துக்கு 1800 பிக்சல் வேண்டும்.

தமிழ்ப் பக்கங்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பழைய கட்டுரைகள் பாமினி போன்ற, யூனிகோடுக்கு முந்தைய முறை எழுத்துருவில் இருக்கும். யூனிகோடுக்கு மாற்றியதும் கொம்பும் துணைக்காலும் இடம் மாறும், சில எழுத்து காணாமல் போகும். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் "கொ" என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். திரையில் சரியாக இருந்தது என்று நம்பாதீர்கள். எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் எடுத்து, தாளில் அச்சிட்டுப் படியுங்கள்.

மெய்ப்பை இரண்டு பேர் சேர்ந்து பாருங்கள், ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் மூலத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். பெயர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு சுற்று. தலைப்பெழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார், அந்த வருத்தம் மலர் இருக்கும்வரை இருக்கும்.

9. விழா நாள்

மைக், புரொஜெக்டர், ஒலிச் சுற்று மூன்றையும் முந்தைய நாள் அதே அரங்கில் ஓட்டிப் பாருங்கள். கேள்விகளின் அச்சுப் பிரதி குவிஸ் மாஸ்டர் கையில் இருக்கட்டும், மின்சாரம் போனாலும் போட்டி நிற்காது. கடைசி வரிசையில் இருக்கும் பெரியவருக்கும் திரை எழுத்து தெரிய வேண்டும், ஒரு திரைக்கு ஒரு கேள்வி போதும். பதிலைச் சொன்னதும் அடுத்ததற்கு ஓடாமல் அதற்குப் பின்னால் இருக்கும் கதையை இரண்டு வரியில் சொல்லுங்கள். சம்பந்தப்பட்டவர் அரங்கில் இருந்தால் எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

முன்பதிவுப் பொருட்களுக்கும் நேரடி விற்பனைக்கும் தனித்தனி மேசை போடுங்கள். முன்பதிவு செய்தவர்களின் பொட்டலத்தில் பெயர் எழுதி, முடித்த ஆண்டு வாரியாக அடுக்கி வைத்தால் வரிசை நகரும்.

10. விழா முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் குழு மறுபடி கூட வேண்டும், இல்லையென்றால் எல்லாம் யாரோ ஒருவருடைய மடிக்கணினியில் தங்கிவிடும். ஸ்கேன் செய்த படங்கள், பேட்டிப் பதிவுகள், விரிதாள், ஆதாரக் கோப்பு எல்லாவற்றையும் இரண்டு வன்வட்டில் ஏற்றி, ஒன்றை நூலகத்திலும் ஒன்றை முன்னாள் மாணவர் சங்கத்திலும் வையுங்கள். கடன் வாங்கிய படங்களைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

ஹார்வர்டில் 1836இல் இருநூறாம் ஆண்டு விழாவின்போது அதன் தலைவர் ஜோசையா குவின்சி ஒரு பொட்டலத்தை முத்திரையிட்டு, 1936இல்தான் திறக்க வேண்டும் என்று வைத்துவிட்டுப் போனார். நூறு வருடம் காத்திருந்து அப்படியே திறந்தார்கள். நீங்களும் ஒரு பெட்டி வைக்கலாம்: மலரின் ஒரு பிரதி, கேள்விச் சீட்டுப் பெட்டி, இந்த வருடத்துக் கால அட்டவணை, ஒரு கேன்டீன் விலைப்பட்டியல். அமிலமில்லாத தாளில் அச்சிட்டு வையுங்கள், பென்டிரைவை நம்ப வேண்டாம். எங்கே வைத்திருக்கிறது, எப்போது திறக்க வேண்டும் என்பதை ஆட்சிக்குழுக் குறிப்பில் பதிவு செய்தால்தான் அடுத்து வருகிறவர்களுக்குத் தெரியும்.

மலர் கைக்குப் போனதும் திருத்தங்கள் வரத் தொடங்கும். அவற்றுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியை மலரிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். மூன்று மாதம் சேர்த்து, ஒரு பக்கத் திருத்தப் பட்டியலாக்கி, பிடிஎஃப் பிரதியில் இணைத்து எல்லோருக்கும் அனுப்புங்கள். மீந்த மலர்களில் ஐந்தை நூலகத்துக்கும் ஒன்றை ஒவ்வொரு துறைக்கும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை அடுத்த ஆண்டு சேரும் முதலாண்டு மாணவர்களுக்குச் சேர்க்கை நாளில் கொடுத்துவிடலாம். கேள்விச் சீட்டுகள் மீந்திருந்தால் அவர்களுடைய வரவேற்பு நிகழ்ச்சிக்கே ஒரு சுற்று வினாடி வினா தயாராக இருக்கிறது.